கானில் விருது, புனே கோர்ட்டில் கேஸ்: போராட்டக்காரர்கள் பற்றிய ஆவணப்படங்களுக்கு ஏன் இவ்வளவு பாராட்டு, இவ்வளவு எதிர்ப்பு?

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் அருகே உள்ள கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி வளாகம் பற்றி எரிந்தது. பிளஸ் 2 மாணவி ஒருவரின் மரணத்துக்கு நீதி கேட்டுத் தொடங்கிய போராட்டம் நான்கே நாளில் கலவரமாக மாறியது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. போலீஸ் வாகனம் எரிந்தது. மாணவர்களின் சான்றிதழ்களும் சாம்பலாகின.

அன்று அதை நேரில் பார்த்தவர்களைவிட செல்போனில் பார்த்தவர்கள்தான் அதிகம். அதன்பிறகு அதே வீடியோக்களையும் சிசிடிவி காட்சிகளையும் வாட்ஸ்அப் குழுக்களையும் வைத்துத்தான் போலீஸ் ஆட்களை அடையாளம் கண்டது. 300க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். அதில் பலர் இளைஞர்கள். சிலர் 18 வயதுகூட நிரம்பாதவர்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்த இளைஞர்களைப் பற்றி நாளை யாராவது ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன நடக்கும்? பாராட்டுவார்களா, திட்டுவார்களா? படத்தில் முகம் காட்டியவருக்குக் கோர்ட்டில் அது உதவுமா, உபத்திரவமா?

இதற்குப் பதில் சொல்ல ஏற்கெனவே நடந்த கதைகள் இருக்கின்றன. அதில் முக்கியமானது புனேயில் தொடங்கி பிரான்ஸின் கான் வரை போன ஒரு படத்தின் கதை.

எந்தப் படம் அது?

படத்தின் பெயர் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்'. தமிழில் சொன்னால் 'எதுவும் அறியாத ஓர் இரவு'. இயக்கியவர் பாயல் கபாடியா. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2024 கான் திரைப்பட விழாவில் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்துக்காக கிராண்ட் பிரி விருது வாங்கினாரே, அவரேதான்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2021 கான் விழாவின் 'டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்' பிரிவில் இந்த ஆவணப்படம் திரையிடப்பட்டது. அந்த ஆண்டு கானில் காட்டப்பட்ட ஆவணப்படங்களில் சிறந்ததற்கான 'கோல்டன் ஐ' விருதும் இதற்குத்தான் கிடைத்தது. அதே ஆண்டு டொரன்டோ விழாவிலும் விருது பெற்றது.

படம் பேசுவது மாணவர் போராட்டங்களைப் பற்றி. புனே திரைப்படக் கல்லூரியான எஃப்டிஐஐ, டெல்லி ஜேஎன்யூ, ஜாமியா மிலியா, ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா மரணத்துக்குப் பிறகு எழுந்த போராட்டம் என்று நாட்டின் பல வளாகங்களுக்குள் கேமரா போகிறது.

இயக்குநர் மேலேயே கேஸா?

ஆமாம். இந்தக் கதையில் பலரையும் நிமிர்ந்து பார்க்க வைத்த இடம் இதுதான்.

2015 ஜூன் 12. எஃப்டிஐஐ தலைவராக நடிகர் கஜேந்திர சவுகான் நியமிக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் ஸ்டிரைக் தொடங்கினார்கள். அது 139 நாட்கள் நீடித்தது. அந்த ஆகஸ்டில், அப்போதைய இயக்குநர் பிரசாந்த் பத்ராபேவை அவரது அறையிலேயே மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். முடிக்கப்படாத படங்களை அப்படியே மதிப்பீடு செய்ய நிர்வாகம் எடுத்த முடிவுதான் உடனடிக் காரணம். நள்ளிரவில் போலீஸ் வளாகத்துக்குள் வந்தது. சிலர் கைதானார்கள்.

பிறகு 35 மாணவர்கள் மேல் புனே போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சட்டவிரோதமாகக் கூடியது, கலவரம், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தது போன்ற பிரிவுகள். அந்தப் பட்டியலில் பாயல் கபாடியா பெயரும் இருந்தது. கல்லூரிக்குள்ளும் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. உதவித்தொகை போனது.

2024 மே மாதம் கானில் அவர் விருது வாங்கியபோது அந்தக் கேஸ் முடிந்திருக்கவில்லை. பிரதமர் மோடி வாழ்த்துச் சொன்னார். எஃப்டிஐஐயும் 'எங்கள் மாணவி' என்று பெருமைப்பட்டது. 'பெருமைப்பட்டால் போதுமா, அந்தக் கேஸை வாபஸ் வாங்குங்கள்' என்று ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டியும் எம்.பி. சசி தரூரும் கேட்டார்கள். ஒன்பது ஆண்டுகளாகப் பெரும்பாலானவர்கள் மறந்துபோயிருந்த ஒரு வழக்கு ஒரே இரவில் தலைப்புச் செய்தியானது.

கவனிக்க வேண்டியது, குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் 35 பேர். கான் மேடை ஏறியவர் ஒருவர். அவர் ஜெயித்ததால்தான் மற்ற 34 பேரின் கேஸும் வெளியே தெரிந்தது. விருது எதுவும் வாங்காதவர்களின் கேஸை யார் கேட்பார்கள்? கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களில் கோர்ட் வாசலில் வாய்தாவுக்கு நிற்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகத் தெரியும்.

விமர்சகர்கள் ஏன் கொண்டாடினார்கள்?

போராட்டப் படம் என்றதும் நமக்கு ஒரு வடிவம் மனதில் வரும். கோஷம், லத்தி, பேட்டி, பின்னணிக் குரல், கடைசியில் ஒரு செய்தி. இந்தப் படம் அப்படி இல்லை.

படத்தில் 'எல்' என்ற மாணவி தன் காதலனுக்கு எழுதும் கடிதங்கள் வாசிக்கப்படுகின்றன. சாதி காரணமாக அவன் வீட்டில் எதிர்ப்பு. அவன் ஊருக்குப் போய்விடுகிறான். அவள் கல்லூரியில் இருக்கிறாள். வெளியே போராட்டம் நடக்கிறது. காதல் கடிதம் மெல்ல மெல்ல அந்தக் காலத்தின் டைரியாக மாறுகிறது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பழைய ஃபிலிம் மாதிரி புள்ளி புள்ளியான காட்சிகள்.

வீட்டுக்குள் சாதி மறுக்கும் காதலையும், வளாகத்துக்குள் அதிகாரம் மறுக்கும் உரிமையையும் ஒரே நூலில் கோத்தது என்பதுதான் விமர்சகர்கள் பலரின் பாராட்டு. போராட்டக்காரரை 'ஹீரோ'வாகவோ 'தேசவிரோதி'யாகவோ காட்டாமல், பயப்படுகிற, காதலிக்கிற, நடனமாடுகிற, களைத்துப் போகிற ஆளாகக் காட்டியது என்றும் எழுதினார்கள்.

எல்லோருக்கும் பிடித்ததா?

இல்லை. விமர்சனமும் வந்தது. முக்கியமாக மூன்று விதம்.

முதலாவது, 'இது ஆவணப்படமா?' என்ற கேள்வி. கடிதங்கள் புனைவு. போராட்டக் காட்சிகள் உண்மை. இரண்டையும் கலந்தால் எது நிஜம், எது கற்பனை என்று பார்ப்பவர் எப்படிப் பிரிப்பார்?

இரண்டாவது, தகவல் குறைவு. யார் பேசுகிறார்கள், எந்த வளாகம், எந்தத் தேதி என்று படம் அதிகம் விளக்குவதில்லை. நடந்தது தெரிந்தவருக்கு நெஞ்சில் தைக்கும். தெரியாதவருக்கு, மூட்டமான ஓர் இரவைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும். நிர்வாகம், போலீஸ், எதிர்த்தரப்பு மாணவர்கள் ஆகியோரின் வாதம் படத்தில் இல்லை. போராட்டத்தை ஏற்காதவர்கள் இதைப் பிரசாரம் என்கிறார்கள். போராட்டத்தை ஆதரிப்பவர்களோ, 'மறுபக்கத்தைத்தான் டிவியில் தினமும் பார்க்கிறோமே' என்கிறார்கள்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. உலக விழாக்களில் கொண்டாடப்பட்ட இந்தப் படம் நம் ஊர் தியேட்டர்களுக்கு வழக்கமான ரிலீஸாக வரவே இல்லை. யாரைப் பற்றிப் பேசியதோ அந்த மக்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை. பாராட்டும் எதிர்ப்பும் பெரும்பாலும் படம் பார்க்காதவர்களிடமிருந்தே வந்தது என்பதுதான் நிலைமை.

தமிழ்நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2017இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படம் அதற்கு நல்ல உதாரணம்.

மலம் அள்ளும் தொழிலாளர்கள் பற்றிய படம் அது. பல ஊர்களில் திரையிட போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. சட்டம் ஒழுங்கு என்றார்கள், தணிக்கைச் சான்று இல்லை என்றார்கள். படம் யூடியூபுக்குப் போனது. அதன்பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. செல்போனில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். 'இது நம் ஊரிலா நடக்கிறது' என்று அதிர்ந்தவர்கள் ஒரு பக்கம். 'எங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது' என்று எதிர்த்துப் புகார் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். இயக்குநருக்கு மிரட்டல் போன்கள் வந்தன.

அதே ஆண்டு ஜூலை 25. மதுரையில் திவ்யபாரதி கைது செய்யப்பட்டார். காரணம் படம் அல்ல. 2009இல் அவர் சட்டக் கல்லூரி மாணவியாக இருந்தபோது கலந்துகொண்ட போராட்டம். விடுதியில் பாம்பு கடித்து இறந்த தலித் மாணவருக்கு நீதி கேட்டு நடந்த போராட்டம் அது. எட்டு ஆண்டுகள் தூங்கிய கேஸ், படம் பேசப்பட்ட நேரத்தில் கண்விழித்தது. அன்றே ஜாமீன் கிடைத்தது.

பாயல் கபாடியா விஷயத்தில் படம் ஜெயித்ததும் கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிக் குரல் எழுந்தது. திவ்யபாரதி விஷயத்தில் படம் பேசப்பட்டதும் பழைய கேஸில் கைது வந்தது. இரண்டு பேரும் மாணவப் பருவத்தில் போராடியவர்கள்தான். எந்த மேடையில் கைதட்டல் கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம்.

கல்வராயன் மலைக்கு அருகே ஒரு பழைய கணக்கு

'போலீஸ் கேஸ் போட்டுவிட்டால் அவர் குற்றவாளிதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர் பெயர் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். 133 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அப்போது பேப்பரில் அவர்கள் 'கடத்தல்காரர்கள்'.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் வழக்கு நடத்தின. விசாரணை சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இந்தப் போராட்டத்தை பாரதி கிருஷ்ணகுமார் 'உண்மையின் போர்க்குரல் வாச்சாத்தி' என்ற ஆவணப்படமாக எடுத்தார். கீழவெண்மணி பற்றி 'ராமையாவின் குடிசை' எடுத்தவரும் அவர்தான்.

வாச்சாத்தி சொல்வது இதுதான்: எஃப்ஐஆர் என்பது கதையின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் அல்ல. கல்வராயன் மலை மக்களுக்கு இது புதிதும் அல்ல. 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் கூலியில்லாமல் உழைத்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாராயம், வனம், செம்மரம் என்று ஏதாவது ஒரு வழக்கின் பெயரோடு மட்டும் செய்தியில் வரும் மலை. அந்த மக்களின் வாயால் கதை கேட்கும் படங்களுக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

ஆனால் இதைத் திருப்பியும் போடக்கூடாது. கேஸ் போடப்பட்ட எல்லோரும் நிரபராதிகள் என்றும் வாச்சாத்தி சொல்லவில்லை. அங்கே 19 ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பைக் கொடுத்தது சாட்சியம். படம் அல்ல.

சரி, கேஸ் நடக்கும்போது படம் எடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

எடுக்கலாம். ஆனால் சில எல்லைகள் உண்டு.

• தணிக்கை: பொது இடத்தில் திரையிட தணிக்கை வாரியச் சான்று வேண்டும். ஆவணப்படத்துக்கும் இது பொருந்தும். இதை எதிர்த்து கே.ஏ. அப்பாஸ் தன் குறும் ஆவணப்படத்துக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1970இல் வந்த தீர்ப்பு, தணிக்கை செல்லும் என்றது. அதேசமயம், அதற்குத் தெளிவான அளவுகோல் வேண்டும் என்றும் சொன்னது.

• திரைப்பட விழா: விழாக்களில் காட்ட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தரும். தராமலும் போகலாம். 2017இல் கேரள ஆவணப்பட விழாவில் ரோஹித் வெமுலா, ஜேஎன்யூ போராட்டம், காஷ்மீர் பற்றிய மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது.

• யூடியூப்: இங்கே தணிக்கைச் சான்று தேவையில்லை. ஆனால் ஐடி சட்டம், அவதூறு, வெறுப்புப் பேச்சுச் சட்டங்கள் எல்லாம் பொருந்தும்.

• 'கலவரம் வரும்' என்று தடுக்கலாமா?: இதற்குப் பதில் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே இருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மிரட்டலுக்குப் பயந்து கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்பதுதான் சாரம்.

• நீதிமன்ற அவமதிப்பு: குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நிலுவையில் இருக்கும்போது விசாரணையைத் திசைதிருப்பும்படி எதையும் வெளியிடக்கூடாது. 1971ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தேவைப்பட்டால் வெளியீட்டைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று 2012இல் சஹாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

• 18 வயதுக்குக் கீழே: வழக்கில் சிக்கிய சிறுவர்களின் பெயர், முகம், பள்ளி என எதையும் காட்டக்கூடாது. சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74.

கள்ளக்குறிச்சி வழக்கை வைத்துப் படம் எடுப்பவர் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஒரே வீடியோ, இரண்டு வேலை

இந்த விஷயத்தில் பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பாயல் கபாடியாவின் படத்தில் ஒரு சிசிடிவி காட்சி வருகிறது. 2019 டிசம்பர் 15 அன்று டெல்லி ஜாமியா பல்கலைக்கழக நூலகத்துக்குள் போலீஸ் நுழைந்து மாணவர்களை அடிக்கும் காட்சி. அங்கே கேமரா மாணவர்களுக்குச் சாட்சி.

கனியாமூரில் அப்படியே தலைகீழ். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர், மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவர், வெறுமனே வேடிக்கை பார்த்தவர் என எல்லோரும் ஒரே ஃபிரேமில். அங்கே கேமரா போலீஸுக்குச் சாட்சி. பலரும் தங்கள் வீடியோவைத் தாங்களே ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதுவே அவர்களைப் பிடிக்கவும் உதவியது.

ஆக, ஓர் ஆவணப்பட இயக்குநர் நல்ல மனதோடுதான் ஒருவரைப் பேட்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அன்று நானும் அங்கேதான் இருந்தேன், கோபத்தில் கல் எடுத்தேன்' என்று அவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டால்? பார்வையாளருக்கு அது நேர்மை. அரசுத் தரப்பு வக்கீலுக்கு அது துருப்புச் சீட்டு. படம் முடிந்ததும் இயக்குநர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பேசியவர் வாய்தாவுக்குப் போக வேண்டும்.

ஹாங்காங்கில் இதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். 2019 போராட்டத்தில் அங்கே 10,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பாலிடெக்னிக் பல்கலைக்கழக முற்றுகையைப் படமாக்கிய 'இன்சைட் தி ரெட் பிரிக் வால்' படத்தில் இயக்குநர்கள் பெயரே இல்லை. போராட்டக்காரர்களின் முகங்கள் மறைக்கப்பட்டிருக்கும். ஹாங்காங் திரை விமர்சகர்கள் சங்கம் அதைச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. சீன ஆதரவுப் பத்திரிகை கடுமையாக எதிர்த்தது. 2021 மார்ச்சில் திரையிடல் கடைசி நேரத்தில் ரத்தானது.

அதே 2021 கான் விழாவில், பாயல் கபாடியா படம் காட்டப்பட்ட அதே ஆண்டில், கிவி சௌ இயக்கிய 'ரெவல்யூஷன் ஆஃப் அவர் டைம்ஸ்' முன்கூட்டியே அறிவிக்கப்படாமல் திரையிடப்பட்டது. தன் பெயரை மட்டும் போட்டுவிட்டு, உடன் வேலை செய்தவர்களின் பெயர்களை அவர் மறைத்துவிட்டார். தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருது கிடைத்தது. சொந்த ஊரில் காட்ட முடியவில்லை.

ஜெயிலில் இருப்பவர் பற்றிய படம்?

அதுவும் வந்திருக்கிறது. ஜேஎன்யூ முன்னாள் மாணவர் உமர் காலித் பற்றி லலித் வசானி இயக்கிய 'பிரிசனர் நம்பர் 626710 இஸ் பிரசன்ட்'. 2020 பிப்ரவரி டெல்லி கலவரத்தில் 53 பேர் இறந்தார்கள். அதன் பின்னணிச் சதியில் உமர் காலித்துக்குப் பங்கு உண்டு என்பது டெல்லி போலீஸின் குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கிறார். 2020 செப்டம்பரில் யுஏபிஏ சட்டத்தில் கைதானவர், விசாரணை முடியாமலேயே ஐந்து ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார்.

இந்தப் படத்தைப் பார்ப்பவர்களும் இரண்டாகத்தான் பிரிகிறார்கள். 'தீர்ப்பே வராமல் ஐந்து ஆண்டு சிறை என்றால் அதைப் படமாவது பதிவு செய்யட்டும்' என்பது ஒரு வாதம். 'கோர்ட் முடிவு செய்வதற்கு முன் ஒருவரைக் கதாநாயகனாக்கலாமா, இறந்த 53 பேரின் குடும்பங்கள் எங்கே' என்பது இன்னொரு வாதம்.

இரண்டாவது கேள்வியை வெறும் எதிர்ப்பு என்று தள்ளிவிட முடியாது. கள்ளக்குறிச்சிக்கும் அது பொருந்தும். மகளை இழந்த தாய் இருக்கிறார். சான்றிதழ் எரிந்து, பாதியில் படிப்பு நின்று, வேறு இடத்தில் வகுப்புக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். காயம்பட்ட போலீஸார் இருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போய் கேஸில் மாட்டியதாகச் சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களில் ஒருவரை மட்டும் அழ வைத்து எடுக்கும் படம், ஊரில் மற்ற மூன்று வீடுகளில் ஓடாது.

அப்போ, ஒரு பார்வையாளர் எதைக் கவனிக்கணும்?

இப்படி ஒரு படத்தின் லிங்க் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், பாராட்டி ஃபார்வர்ட் செய்வதற்கு முன்பும் திட்டி கமென்ட் போடுவதற்கு முன்பும் இந்த ஐந்தைப் பாருங்கள்.

1. வழக்கின் நிலை சொல்லப்பட்டிருக்கிறதா? என்ன பிரிவு, எத்தனை பேர், எந்தத் தேதி வரை என்று படம் சொல்ல வேண்டும். 'குற்றம்சாட்டப்பட்டவர்' வேறு, 'குற்றவாளி' வேறு.

2. மறுதரப்பிடம் கேட்டார்களா? பதில் தர மறுத்தார்கள் என்றால் அதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

3. வீடியோ யாருடையது? செல்போன் காட்சியா, சிசிடிவியா, நடித்துக் காட்டியதா? எங்கே, எப்போது எடுத்தது?

4. பேசியவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? சிறுவர்களின் முகம் தெரிகிறதா? விசாரணையில் இருப்பவர் தன்னையே மாட்டிவிடும்படி பேச வைத்திருக்கிறார்களா?

5. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா? போராட்டத்துக்குக் காரணமானவரும், போராட்டத்தால் இழந்தவரும்.

இந்த ஐந்துக்கும் 'ஆம்' என்று சொல்லும் படம் எதுவும் அநேகமாகக் கிடையாது. ஆனால் எதில் குறைகிறது என்று தெரிந்து பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல.

சுருக்கமாகச் சொன்னால்...

வழக்கில் இருக்கும் போராட்டக்காரர்கள் பற்றிய படத்துக்கு எப்போதும் இரண்டு தீர்ப்புகள் உண்டு. ஒன்றைப் பார்வையாளர்கள் எழுதுகிறார்கள். இன்னொன்றை நீதிபதி எழுதுகிறார். முதலாவது ஒரே இரவில் வந்துவிடும். இரண்டாவது வாச்சாத்தியில் 19 ஆண்டுகள் எடுத்தது. புனேயில் கான் மேடை வரை காத்திருந்தது.

படம் கேஸை முடிக்காது. ஆனால் கேஸ் நம்பராக மட்டும் தெரிந்த ஒருவருக்கு வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறார், பயம் இருக்கிறது என்று காட்டும். அதே வேலையை எரிந்த சான்றிதழ்களைத் தேடிய பிள்ளைகளுக்கும் அது செய்தால், கள்ளக்குறிச்சி பற்றி வரும் முதல் நல்ல ஆவணப்படத்தை இரண்டு தரப்பும் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கும்.